ரெங்கசாமி உயிரோடிருந்த நாலு மாதம்

எழுபத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில் குடவாசல் வட்டாரத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. கொற்றங்குடி தெற்குத் தெரு ரெங்கசாமி, அதாவது உலக யுத்தத்தில் பதக்கம் வாங்கி, இத்தாலி தேசத்தில் செத்து, அங்கேயே பட்டாளத்துக் கல்லறையில் புதைக்கப்பட்ட ரெங்கசாமி, சாகவே இல்லையாம். ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறானாம். இரண்டு பெண்களாம். மூத்தவளுக்கு மூக்கு அப்படியே காத்தாயி மூக்காம்.

காத்தாயி ரெங்கசாமியின் மனைவி. வெள்ளைக்காரி பெற்ற பெண்ணுக்கு அவளுடைய மூக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று டீக்கடைகளில் ஒருவரும் கேட்கவில்லை. வதந்திக்கு மூக்கு போதும், வழி தேவையில்லை.

செய்தி காத்தாயிக்கு வந்தபோது அவள் முழங்கால் சேற்றில் குனிந்து சம்பா நட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. ஒரே மகளைப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் காவல்காரனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு வாய்க்கால் கரைக் குடிசையில் தனியாக இருந்தாள்.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "ஏன்க்கா, மாமா வெள்ளைக்காரிய சேத்துக்கிட்டாராமே, நெசமா?"

காத்தாயி நிமிரவில்லை. "சேத்துக்கிட்டா அவ தலையெழுத்து. உப்புப் பத்தல, புளி பத்தலைன்னு என் உசிரை எடுத்த மனுசன். அவ என்ன ஆக்கிப் போடுறாளோ, பாவம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. காத்தாயி மட்டும் சிரிக்காமல் அடுத்த நாற்று முடியைப் பிரித்தாள். முப்பது வருஷமாகத் தாலி இல்லாத கழுத்தோடு இருப்பவளுக்கு, புருஷன் திராட்சை பறிக்கிறான் என்று கேட்டதும் சிரிப்பு வரவில்லை. இது எவன் வேலை என்ற யோசனைதான் வந்தது.

அந்த யோசனை சரியானதுதான். வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனால் அது இத்தாலி வரை இழுத்துக்கொண்டு போகவில்லை. கொற்றங்குடி மிராசுதார் சந்தானகிருஷ்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில், அவருடைய காரியஸ்தர் கல்யாணம் வெற்றிலை மென்றுகொண்டு உட்காரும் கயிற்றுக்கட்டிலில் போய் நின்றுவிட்டது.

கதை அறுபத்தொன்றிலிருந்து தொடங்குகிறது. ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் அன்றைக்குப் பிரசவம் ஆனது போல மிராசுதார்களுக்கெல்லாம் திடீரென்று உறவுக்காரர்கள் பிறந்தார்கள். சந்தானகிருஷ்ணனும் எழுதினார். பம்பாயில் இருந்த மருமான் பேரில் கொஞ்சம். சமையல்காரர் பேரில் கொஞ்சம். இன்னும் பெயர் வைக்காத பேரன் பேரில் ஒரு பெயர் வைத்துக் கொஞ்சம். மாட்டை விட்டுவைத்தார், அதற்குக் கட்டைவிரல் இல்லை என்பதால். கடைசியில் வாய்க்கால்மேட்டுப் பங்கு ஆறு ஏக்கர் மிஞ்சியது. நல்ல நஞ்சை. யார் பேரில் எழுதவும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

கல்யாணம்தான் யோசனை சொன்னவர். "அண்ணா, உயிரோட இருக்கிறவன் பேர்ல எழுதினா ஒருநாள் குடிச்சுட்டு வந்து வாசல்ல நிப்பான். செத்தவன் வரமாட்டான். நம்ம ரெங்கசாமி இருக்கானே."

சந்தானகிருஷ்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. இத்தனை உறவிலும் சினேகத்திலும் நம்பத் தகுந்தவன் செத்தவன் ஒருவன்தான் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு ஆளைப் பிடித்துத் துண்டைப் போர்த்தி உட்கார வைத்து, ரெங்கசாமி என்று கைநாட்டு வாங்கினார்கள். செத்துப் பதினேழு வருஷம் கழித்து ரெங்கசாமி பட்டாதாரன் ஆனான். உயிரோடு இருந்தபோது அதே நிலத்தில் அவன் பண்ணையாள்.

செத்தவன் வரமாட்டான் என்று கணக்குப் போட்டவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அவன் பெண்டாட்டி தினமும் அந்த வயலுக்குத்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள். நட வந்தாள், களையெடுக்க வந்தாள், அறுக்க வந்தாள். ஆனால் களையெடுக்க வருகிறவளை ஓர் ஆளாக எண்ணும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

எழுபதில் அரசாங்கம் அந்த உச்சவரம்பையும் பாதியாக்கியது. அதற்கு முந்தி அறுபத்தெட்டு டிசம்பரில் இதே ஜில்லாவில் குடிசையோடு மனிதர்களைக் கொளுத்தியிருந்தார்கள். அதன்பிறகு அதிகாரிகளுக்கு வேகம் வந்திருந்தது, மிராசுதார்களுக்குப் பணிவு வந்திருந்தது. பெயர் பெயராகக் கூப்பிட்டு, இந்த நிலத்துக்காரர் எங்கே, காட்டுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். பம்பாய் மருமானைக் காட்டலாம். சமையல்காரரைக் காட்டலாம், ரசம் கூட வாங்கிச் சாப்பிடலாம். ரெங்கசாமியை எப்படிக் காட்டுவது? ஆகவே கல்யாணம் அவனை உயிர்ப்பித்தார். ஊரில் உயிர்ப்பித்தால் வரச் சொல்வார்கள் என்பதால் இத்தாலியிலேயே உயிர்ப்பித்தார். வெள்ளைக்காரியும் திராட்சையும் கேட்டவர்கள் சேர்த்தவை. மூக்கு யார் சேர்த்தது என்று தெரியவில்லை.

ரெங்கசாமி பட்டாளத்துக்குப் போன விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சந்தானகிருஷ்ணன் அதை வேறு மாதிரி சொல்லி வந்தார். "தேசத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தோம்" என்பார். அவர் கொடுக்கவில்லை. நாற்பதாம் வருஷம் ஏர்க்காலில் மாடு காலை உடைத்துக்கொண்டதற்கு ரெங்கசாமியைத் தென்னை மரத்தில் கட்டி வைத்தார்கள். அவிழ்த்து விட்டதும் அவன் நேராகத் தஞ்சாவூருக்கு நடந்தான். அங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடவாசலிலிருந்து வீட்டோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்த அல்லா பிச்சை என்ற பையனும் அதே வரிசையில் நின்றான். இரண்டு பேரையும் பாலம் கட்டுகிற, கண்ணிவெடி தோண்டுகிற சாப்பர் பட்டாளத்தில் போட்டார்கள். ரெங்கசாமி வடக்கு ஆப்பிரிக்காவில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே மணலைக் கையால் துழாவித் துழாவி வெடிகளை எடுத்து வண்டிகளுக்கு வழி பண்ணிக் கொடுத்தான். அதற்குத்தான் வெள்ளிப் பதக்கம். மறு வருஷம் இத்தாலியில் ஓர் ஆற்றங்கரையில் ஷெல் விழுந்து செத்தான்.

பதக்கத்தைக் கலெக்டர் தஞ்சாவூரில் வைத்துக் காத்தாயி கையில் கொடுத்தார். பக்கத்தில் சந்தானகிருஷ்ணன் அங்கவஸ்திரத்தோடு நின்றார். கூண்டு வண்டி கொற்றங்குடிக்கு வந்து சேருவதற்குள் பதக்கம் அவருடைய ஜிப்பாப் பையில் இருந்தது. "உன் குடிசையில பூரான் தேள் எல்லாம் இருக்கும். இங்க பத்திரமா இருக்கட்டும்" என்றார். பூரான் வெள்ளியைத் தின்னும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பதிலுக்கு ஒரு புடவையும் கொஞ்சம் நெல்லும் வந்தன. பதக்கம் கண்ணாடிச் சட்டத்தில் கூடத்துச் சுவரில் ஏறியது. கீழே ஒரு பித்தளைத் தகடு: 'இத்தாலி யுத்தத்தில் வீரமரணம் அடைந்த எமது பண்ணை வீரன்.' வீரனுடைய பெயர் அதில் இல்லை. வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் காபியோடு அதையும் காட்டுவார்.

வதந்தி கிளம்பிய வாரம் அந்தத் தகடு காணாமல் போயிற்று. சுண்ணாம்பு அடிக்கக் கழற்றியதாகச் சொன்னார்கள். சுவரில் நாலு ஆணி ஓட்டையும் பழைய சுண்ணாம்பும் அப்படியே இருந்தன.

இதற்கிடையில் பகலவன் என்று ஒருவர் அவதிப்பட்டார். பெற்றோர் வைத்த பெயர் பக்கிரிசாமி, ஆளுங்கட்சியின் ஊர்ப் பிரமுகர். ரெங்கசாமிக்கு நினைவுத் தூண் வைப்பதென்று தீர்மானம் போட்டு, கல்லுக்குச் சொல்லி, திறந்து வைக்கிறவர், தலைமை தாங்குகிறவர், முன்னிலை வகிக்கிறவர்கள் என்று பெயர்களைச் செதுக்கவும் ஆரம்பித்தாகிவிட்டது. அடியில் ரெங்கசாமிக்கும் ஓர் அங்குலம் விட்டிருந்தார்கள். இப்போது செத்தவன் பிழைத்துக்கொண்டால் தூணை என்ன செய்வது?

காத்தாயியின் குடிசைக்கே வந்து கேட்டார். "அம்மா, ஒரு தமிழச்சியாக நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அண்ணன் இருக்கிறாரா, இல்லையா?"

"மேடையில பேசுற மாதிரி பேசாதப்பா, எனக்கு நீ பக்கிரிதான். அவரு செத்துத்தான் போனாரு."

"அப்ப தூண் வைக்கலாமுல்ல?"

"எங்க வைப்ப?"

பகலவன் தலையைச் சொறிந்தார். கடைத்தெருவில் வைக்கச் செட்டியார்கள் சம்மதிக்கவில்லை. கோயில் முக்கில் வேண்டாம் என்று இரண்டு தெருக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வைத்தால் பிள்ளைகள் முட்டிக்கொள்ளும் என்று தலைமையாசிரியர் கவலைப்பட்டார். தெற்குத் தெருவில் வைக்கலாம், ஆனால் அங்கே அமைச்சரின் கார் வராது.

"தூணு வேணாம்ப்பா," என்றாள் காத்தாயி. "எங்க சனங்க செத்தா காட்டுக்குப் போக வழியில்ல. ஐயா வயல் வழியா விடமாட்டேங்கிறாங்க. மழை நாள்ல வாய்க்கால்ல நெஞ்சளவு தண்ணியில பொணத்தைத் தூக்கிக்கிட்டுப் போறோம். நீங்க அந்த வழிய வாங்கிக் குடுங்க. அவரு பேரை வேணும்னா அதுக்கு வச்சுக்குங்க."

"அது வேற இலாகா, அம்மா" என்றார் பகலவன். எழுந்து போய்விட்டார்.

கார்த்திகையில் குடியிருப்பு மனை விசாரணை வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழும் விவசாயக் கூலிகளுக்கு அந்த மனை சொந்தம் என்று புதுச் சட்டம். பள்ளிக்கூட வராந்தாவில் தனித் தாசில்தார் மேசை போட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தெற்குத் தெருவே வந்து நின்றது. சந்தானகிருஷ்ணன் வாய்க்கால் கரை மனையில் டிராக்டர் கொட்டகை போடுவதாக இருந்தார். அந்த இடத்தில் இருந்தது காத்தாயியின் குடிசை. பட்டா கிடைக்காவிட்டால் தைக்குள் அதைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். போக இடமில்லை. தாசில்தார் அவளைக் கூப்பிட்டார்.

"என்ன வேலை?"

"கூலி வேலைங்க."

கல்யாணம் மெல்லக் கனைத்தார். "சார், ஒரு விஷயம். அவங்க கூலி இல்ல. அவங்க ஆத்துக்காரர் பேர்ல ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கு. பட்டாதாரர் சம்சாரம். கூலிக்காரங்களுக்குன்னு சர்க்கார் குடுக்கிற மனையை இவங்களுக்குக் குடுத்தா சட்டம் ஒத்துக்குமா?"

கூட்டம் ஒரு நொடி புரியாமல் நின்று, பிறகு சிரித்தது. பின்னால் யாரோ "மிராசுதாரம்மாவுக்கு நாற்காலி போடுங்கடா" என்றான்.

காத்தாயி கல்யாணத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த ஆறு ஏக்கருங்க?"

"வாய்க்கால்மேட்டுப் பங்கு."

"போன வாரம்தான் அதுல களை எடுத்தேன். நீங்கதானே கூலி அளந்து போட்டீங்க."

"பழக்கத்துல போட்டேன்" என்றார் கல்யாணம், கூசாமல்.

தாசில்தார் கேட்டார், பட்டாதாரர் எங்கே? இத்தாலியில் இருக்கிறார் என்று கல்யாணம் பதில் சொன்னார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். குடவாசல் பஸ் ஸ்டாண்டு எதிரில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கும் அல்லா பிச்சை, ரெங்கசாமியோடு பட்டாளத்தில் இருந்தவர். கையில் பஞ்சர் ஒட்டும் பசை காய்ந்திருந்தது.

"அவர் செத்துட்டாருங்க. நான் பார்த்தேன்" என்றார்.

"பஞ்சர் ஒட்டுறவர் சொல்றதை வச்சு ஒரு மனுஷனைச் சாகடிக்க முடியுமா சார்?" என்றார் கல்யாணம். மறுபடி சிரிப்பு. தாசில்தார் வெந்நீர் குடித்தார். செத்தவர் செத்தார், அல்லது இருப்பவர் இருக்கிறார், ஏதாவது ஒன்றை ஊர்ஜிதம் செய்துகொண்டு வாருங்கள் என்று தள்ளி வைத்தார். அதிகாரிகள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கண்ணெதிரில் நிற்கிற விதவையைவிடக் கண்ணில் படாத நிலச்சுவான்தாருக்குத்தான் எப்போதும் கனம் அதிகம்.

அன்று வரப்பில் திரும்பி நடக்கும்போது அல்லா பிச்சை பக்கத்தில் வந்தார். "கவலைப்படாதே தங்கச்சி. பெங்களூர்ப் பட்டாள ஆபீசுக்கு எழுதிப் போட்டு ரிக்கார்டு வாங்கித் தர்றேன். ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசத்துல என் வீட்டு மேல டிராக்டர் நிக்கும், ராவுத்தரே" என்றாள்.

வாய்க்கால்மேட்டு வயலின் முனையில் நின்றாள். பயிர் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. அவளே நட்ட பயிர். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரு செத்துட்டாருன்னா மனை என்னுது. இருக்காருன்னா இது என்னுது. அப்படித்தானே?" என்றாள்.

அல்லா பிச்சை யோசித்தார். "சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா கேட்டா அப்படித்தான் தோணுது."

"ரெண்டும் இல்லேங்கிறாங்களே, அது எப்படி?"

"அதுக்குத்தான் கல்யாணத்துக்குச் சம்பளம்."

தை பிறந்தது. பண்ணையில் எந்தப் பங்கை என்றைக்கு அறுப்பது என்று கல்யாணம்தான் நாள் சொல்வார். அந்த வருஷம் அவர் நாள் சொல்வதற்கு முன்பே ஒரு காலைப் பொழுதில் காத்தாயி அரிவாளோடு வாய்க்கால்மேட்டு வயலில் இறங்கினாள். பின்னால் தெற்குத் தெருப் பெண்கள் இறங்கினார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. விவசாயச் சங்கத்துக்காரர்கள் கேள்விப்பட்டுக் கொடியோடு ஓடி வந்தபோது, "அது வேணாம் தம்பி, இது சொந்த நிலம். சொந்த நிலத்துல அறுக்கிறவுங்க கொடி புடிப்பாங்களா?" என்று கரையிலேயே நிறுத்திவிட்டாள்.

கல்யாணம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். "ஏய், யாரு அறுக்கச் சொன்னது?"

"வாங்க காரியஸ்தரே," என்றாள் காத்தாயி. அவள் அவரை வாங்க என்று வரவேற்பது அதுவே முதல் தடவை. "என் வீட்டுக்காரரு பங்கு முத்திப்போச்சு. அவரு வெளிநாட்டுல இருக்காரு. நான் பாக்காம யாரு பாக்கிறது? நீங்க ஓரமா நில்லுங்க, சேறு தெறிக்கும்."

போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். நிலம் யாருடையது என்று கேட்டார். ரெங்கசாமியுடையது என்று ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணமே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இவள் யார் என்று கேட்டார். ரெங்கசாமி சம்சாரம் என்றார்கள். "அப்புறம் என்னை எதுக்குய்யா கூப்பிட்டீங்க?" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகுதான் சந்தானகிருஷ்ணன் வந்தார். அறுபது வயதில் வரப்பில் இறங்கி வந்து அவருக்குப் பழக்கமில்லை, மூச்சு இரைத்தது. பாதி வயல் மொட்டையாகியிருந்தது. பெண்கள் நிமிரவில்லை. முந்தியெல்லாம் அவர் தலை தெரிந்தால் கரையேறி நிற்பார்கள்.

"காத்தாயி, என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லீங்க ஐயா. அவரு வந்து கேட்டா நான் கணக்குச் சொல்லணும்ல? வெள்ளைக்காரிய வேற கூட்டிட்டு வந்தாருன்னா, அவ முன்னால தலைகுனிவா போயிடும்."

"எவன் வருவான்? அவன் செத்து முப்பது வருஷம் ஆறது. உனக்குத் தெரியாதா? பதக்கத்தை உன் கையில குடுத்தப்போ பக்கத்துல நான்தானே நின்னேன்."

கர்ணம் நின்றார், பகலவன் நின்றார், சங்கத்துக்காரர்கள் கொடியோடு கரையில் நின்றார்கள். கல்யாணம் கண்ணை மூடிக்கொண்டார். காத்தாயி அரிவாளைக் கதிர்க்கட்டில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஐயா வாயால சொல்லிட்டாங்க."

அன்றைக்கே பித்தளைத் தகடு பழைய ஆணிகளில் ஏறியது. புளி போட்டுத் துலக்கி வேறு வைத்திருந்தார்கள். நாலு மாதம் உயிரோடு இருந்த ரெங்கசாமி, கொற்றங்குடி மிராசுதார் வீட்டுக் கூடத்தில் இரண்டாம் முறையாக வீரமரணம் அடைந்தான்.

அவனைச் சாகடித்தாலொழிய விளைச்சல் போய்விடும் என்று ஆனதால், அடுத்த விசாரணைக்கு அல்லா பிச்சையைச் சாட்சியாக அழைத்து வரக் கல்யாணமே வாடகைக் கார் அனுப்பினார். பஞ்சர் ஒட்டுகிறவருடைய சொல் ஒரே அறுவடையில் கார் ஏறும் தகுதி அடைந்துவிட்டது. அல்லா பிச்சை காரில் ஏறவில்லை. தன் சைக்கிளில் வந்தார்.

"செத்ததைப் பார்த்தீர்களா?" என்றார் தாசில்தார்.

"பார்த்தேன். அடக்கம் பண்ணினதும் நான்தான்."

காத்தாயி சட்டென்று தலையைத் திருப்பினாள். பட்டாளத்தில் புதைத்தார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் அவர் சொல்லியிருந்தார். யார் புதைத்தது என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"இந்துவைப் புதைத்தீர்களா?" என்றார் தாசில்தார்.

"இந்துன்னா எரிக்கணும்னுதான் அங்க சட்டம். விறகு கூட அடுக்கிட்டாங்க. நான் எங்க மேல இருந்த வெள்ளைக்கார சார்ஜன்கிட்ட போய், இவங்க தெருவுல எரிக்கிற வழக்கம் கிடையாது, மண்ணுக்குத்தான் குடுப்பாங்கன்னு சொன்னேன். நீ முஸ்லிம், உனக்கு எப்படித் தெரியும்னான். எங்க கபர்ஸ்தானும் அவங்க காடும் ஒரே வாய்க்காலுக்கு அந்தக் கரை இந்தக் கரைன்னேன். அப்ப நீயே வெட்டிக்கோன்னுட்டான். பனியில தரை கல்லா கெடந்துச்சு. கடப்பாரையால வெட்டினேன். பாதி வெட்டினதும் அந்தச் சார்ஜனே கோட்டைக் கழட்டிட்டு எறங்கி வந்து மண்ணை அள்ளினான்."

காத்தாயி தாசில்தாரைப் பார்க்காமல் அவரைக் கேட்டாள்: "தலை எந்தப் பக்கம் வச்சீங்க?"

"தெக்கதான். சூரியனைப் பார்த்துக் கணக்குப் பண்ணி வச்சேன். அப்புறமா எல்லாரையும் எடுத்து ஒரே மைதானத்துல மாத்திட்டாங்களாம். அங்க எப்படி வச்சாங்களோ, தெரியாது. பெங்களூர்ல ஒரு சுபேதார் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் கல்லாம். பேரோட. கர்னலுக்கும் சிப்பாயிக்கும் ஒரே உசரமாம்."

"ஒரே உசரமா?" காத்தாயி சந்தானகிருஷ்ணன் இருந்த பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மெதுவாப் பேசுங்க ராவுத்தரே. ஐயா காதுல விழுந்தா அந்தக் காட்டுக்கும் வழிய அடைச்சிடுவாங்க."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. "அங்க கூட்டிப் பெருக்கறது யாரு?" என்று அவள் கேட்டாள். வெள்ளைக்காரர்கள்தான் கூட்டுகிறார்கள், ரோஜாச் செடி கூட வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அல்லா பிச்சை சொன்னதும், தெற்குத் தெருவில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. திராட்சைத் தோட்டத்தை நம்பியவர்கள் இவர்கள்தான்.

தாசில்தார் பிளாஸ்கை மூடினார். ரெங்கசாமி நாற்பத்து நாலில் செத்தார், சரி. அப்படியானால் அறுபத்தொன்றில் கைநாட்டு வைத்தது யார்? சந்தானகிருஷ்ணன் கல்யாணத்தைப் பார்த்தார். கல்யாணம் கூரையைப் பார்த்தார்.

காத்தாயிக்கு மனை கிடைத்தது. ஆறு ஏக்கர் கிடைக்கவில்லை. செத்தவர் பேருக்கு எழுதியது செல்லாது, நிலம் சந்தானகிருஷ்ணன் கணக்குக்கே திரும்புகிறது, திரும்பினால் வரம்பைத் தாண்டுகிறது, தாண்டியது உபரி என்றார்கள். உபரி என்றால் நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று தெருவில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். சந்தானகிருஷ்ணன் சென்னைக் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கி வந்தார். அதன்பிறகு அந்த நிலம் யாருடையதுமில்லை, ஆகையால் அவர்தான் பயிர் செய்தார். பதக்கமும் கூடத்திலேயே இருந்தது. பகலவனின் தூண் எங்கே வைப்பதென்று முடிவாகாமல் கல்தச்சன் கொட்டகையில் படுத்திருந்தது. அமைச்சரின் பெயர் வந்துவிட்டது. ரெங்கசாமியின் அங்குலம் இன்னும் காலி.

மாசியில் ஒருநாள் காத்தாயி குடவாசல் பஸ் ஸ்டாண்டு எதிரில் வந்து சைக்கிள் கடையில் ஒரு சாக்கை இறக்கினாள். உள்ளே ஒரு மரக்கால் நெல், மேலே மடித்த புதுத் துண்டு. வாய்க்கால்மேட்டு அறுப்பில் அவளுக்கு வந்த கூலி நெல்.

"என்ன இது?" என்றார் அல்லா பிச்சை.

"குழிக்கூலி."

அவருக்குப் புரிந்தது. தெற்குத் தெருவில் குழி வெட்டினவருக்கு ஒரு மரக்கால் நெல்லும் துண்டும் கொடுத்தால்தான் கருமாதி ஒப்பேறும். நாற்பத்து நாலில் பிணமில்லாமல், குழியில்லாமல், யாருக்கும் எதுவும் கொடுக்காமல் அவள் கருமாதி செய்திருந்தாள்.

"கூட்டாளிக்கு வெட்டினேன். அதுக்குக் கூலியா? எடுத்துட்டுப் போ தங்கச்சி."

"கூட்டாளியா இருந்தா என்ன, அண்ணனா இருந்தா என்ன. குழி குழிதான். கொடுக்கலேன்னா அவரு கடன்காரராப் படுத்திருப்பாரு. பண்ணைக் கடனோட பொறந்து பண்ணைக் கடனோட ஓடிப்போனவரு. அங்கேயும் கடனா?"

"பாதிக் குழிதான் நான் வெட்டினது. மீதி அந்தச் சார்ஜன் அள்ளினான். நான் மட்டும் வாங்கினா ஹராம்."

"அப்ப அவனைக் கூப்பிடுங்க."

"அவன் உசிரோட இருக்கானோ இல்லையோ."

"கல்யாணத்தைக் கேளுங்க, சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி பஸ் ஏறிவிட்டாள்.

சாக்கு அங்கேயே இருந்தது. அல்லா பிச்சை அதை அவள் தெருவுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் முதல் பஸ்ஸில் கண்டக்டர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவர் அனுப்பவில்லை, வீட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வருகிறவர்கள் அதன்மேல் உட்காரப் போனால் கையைப் பிடித்து எழுப்பி விடுவார்.

காத்தாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து கேட்பாள்: "ராவுத்தரே, எடுத்தாச்சா?"

"சார்ஜன் வரட்டும், பார்ப்போம்" என்பார் அல்லா பிச்சை, டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.